எதிர்காற்றில் நாற்பது நிமிடம்

உலான்பாட்டரிலிருந்து இன்ச்சியோன்
நேர்கோட்டில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.
நேர்கோட்டில் யாரும் பறப்பதில்லை.
நடுவில் ஒரு நாடு வானத்தைப் பூட்டி வைத்திருக்கிறது.
கோபக்காரன் வாசலைத் தவிர்த்து
அடுத்த தெருவழியே நடப்பவள்போல
மஞ்சள் கடல்மேல் சுற்றி வருகிறது விமானம்.

வரும்போது மூன்று மணி நேரம்,
திரும்பும்போது மூன்று மணி நாற்பது.
சீட்டு வாங்கித் தருவதும் என் வேலை என்பதால்
பதினோரு ஆண்டுகளாக இதை விளக்கி வருகிறேன்:
உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே
காற்றாலான ஓர் ஆறு ஓடுகிறது.
வருகிறவரை முதுகில் தள்ளிவிடும்,
திரும்புகிறவரை
நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.

"அப்படியென்றால் திரும்பும்போது
அதே காசுக்கு நாற்பது நிமிடம் இலாபம்" என்றார்
லுவ்சன்தக்வா.
இதுவரை யாரும் அப்படிக் கணக்குப் போட்டதில்லை.

தவன்தோல்கோய் சுரங்கத்திலிருந்து எல்லைவரை
நிலக்கரி லாரி ஓட்டியவர்.
"இருநூற்று நாற்பது கிலோமீட்டர், தங்கச்சி.
ஒருமுறை ஒன்பது நாள் ஆனது.
எனக்கு முன்னால் லாரி, அதற்கு முன்னால் லாரி.
எஞ்சின் சூட்டில் இறைச்சி வேகவைத்தோம்.
மூன்றாம் நாள் பக்கத்து லாரிக்காரனுக்குப்
பெண் பிறந்த செய்தி வந்தது.
எல்லைக்கதவு திறந்தபோது
அதற்குப் பெயரே வைத்தாயிற்று.
இங்கே இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தேன்,
கொடுத்த சோற்றைக்கூட முடிக்கவில்லை.
இறங்கியதும் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்தைப்
பிடுங்கிக்கொண்டார்கள்.
போகும்போது திருப்பித் தருவார்களா?"
தருவார்கள் என்றேன்.

திரையில் அவருடைய நுரையீரல்.
லாரிப் பாதை அதற்குள்ளும் போயிருந்தது.
டாக்டர் மூன் ஹே-வொன் நிதானமாகப் பேசி முடித்தார்.
"ஆறு மாதம் இருக்கலாம்" என்றேன் எங்கள் மொழியில்.
இந்த மாதிரி வாக்கியங்களைச் சொல்லும்போது
மேசைமேல் எதையாவது பார்த்துக்கொள்வது வழக்கம்.
அன்று ஒரு ஸ்டேப்ளர்.

வாடகை பேசுகிறவர்போல் அவர் யோசித்தார்.
பிறகு கேட்டார்:
"வரும்போது ஆகிற ஆறு மாதமா,
திரும்பும்போது ஆகிற ஆறு மாதமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.
என்ன கேட்கிறார்?
நான் கற்ற கொரிய மொழியில் அதற்கு வழியில்லை.
விமானத்தைப் பற்றிக் கேட்கிறார் என்றேன்.
பதினோரு ஆண்டில் தெரிந்தே செய்த ஒரே பிழை.
பிழைதானா என்பதும் தெரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் கிளம்பினார்.
கைபேசித் திரையில் ஒரு குட்டி விமானம்
சீனக் கரையருகே எறும்புபோல் ஊர்ந்தது.
அன்று எதிர்காற்று பலம்.
பதினெட்டு நிமிடத் தாமதம் என்று சிவப்பில் காட்டியது.
தாமதத்துக்கு மகிழ்ந்தவள்
அன்று நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
இரவில் அவர் குரல் வந்தது, இடையிடையே இருமலோடு:
"மூன்று மணி ஐம்பத்தெட்டு, தங்கச்சி!
அந்த ஒரு மணியையும் தந்துவிட்டார்கள்."
கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோலத்தான் இருந்தது.

இப்போது கோபியின் தூசி வந்திருக்கிறது.
அதற்குச் சீட்டில்லை, கடவுச்சீட்டில்லை,
இரண்டு நாள் ஆகுமாம் இங்கே வர.
சன்னல்களைச் சாத்துங்கள் என்று
ஊரிலுள்ள கைபேசியெல்லாம் ஒன்றாக அலறியது.
"உங்கள் நாட்டுத் தூசி" என்றாள் தாதி,
முகக்கவசத்துக்குள் சிரித்தபடி.
நானும்தான் சாத்தினேன்.
எனக்கும் நுரையீரல் இருக்கிறது.

ஆனால் விளிம்பில் படிந்ததைத் துடைக்கப் போனவள்
துணியை வைத்துவிட்டு
மஞ்சள் ஒட்டிய விரல்களில் எண்ணினேன்:
மார்ச், ஏப்ரல்.